ஈரம் இறங்கிய குழாய்

காக்கிநாடாவிலிருந்து தென்மேற்காகப் போகும் 216ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கோதாவரி டெல்டாவைக் குறுக்காகக் கடக்கிறது. தாள்ளரேவு, கோரிங்கா அலையாத்திக் காடு, புதுச்சேரிக்குச் சொந்தமான ஏனாம், கௌதமி கோதாவரியின் மேல் நீளும் பாலம், முமிடிவரம், அமலாபுரம், வைநதேயம் ஆற்றுப் பாலம், பாசர்லபூடி, தாட்டிபாக்கா, ராஜோல் என்று ஊர்கள் வரிசையாக வந்து போகின்றன. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து போகிறவருக்கு இந்த வழியில் அந்நியமாக எதுவும் தோன்றாது. தென்னை கொஞ்சம் அதிகம், வாய்க்கால்கள் கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். இந்தச் சாயலுக்கு ஒரு காரணமும் உண்டு. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைகளைக் கட்டிய ஆர்தர் காட்டன்தான் பிறகு 1847க்கும் 1852க்கும் இடையே தவளேஸ்வரத்தில் கோதாவரியை மறித்தார். கோதாவரிக் கரையில் அவருக்குச் சிலைகள் நிறைய உண்டு. இன்றும் மாலை போடுகிறார்கள். நிலத்துக்கு மேலே கண்ணில் படுவதெல்லாம் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாடு. நிலத்துக்குக் கீழே எரிவாயுக் குழாய்கள் ஓடுகின்றன. அவை பிழைத்திருப்பதே தண்ணீர் உள்ளே வராதவரைதான்.

எரிவாயுவைச் சாலையிலிருந்து பார்க்க முடியாது. வரப்போரம் நட்டிருக்கும் மஞ்சள் கல், தோண்டாதீர்கள் என்று எச்சரிக்கும் பலகை, தென்னந்தோப்புக்கு நடுவில் கம்பிவேலிக்குள் நிற்கும் கிணற்று வால்வுகளின் அடுக்கு ஆகியவைதான் அடையாளங்கள். அந்த வால்வு அடுக்கைத் தொழிலாளர்கள் கிறிஸ்துமஸ் மரம் என்கிறார்கள். கேஸ் என்றதும் ஊர்க்காரர்களின் பயம் தீயின் மேல் போகிறது, அது நியாயம்தான். ஆனால் இந்தச் சாலையின் இரண்டு முனைகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் பயம் வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்று படுகிறது. உலர்ந்த மீத்தேன் எஃகை ஒன்றும் செய்வதில்லை. எஃகைத் தின்பது அதனுடன் கூட வரும் தண்ணீர். ஆகவே நீர் நீக்கும் அலகை, வாயுவின் தரத்தைக் கொஞ்சம் உயர்த்தும் துணைச் சாதனம் என்று கணக்கில் எழுதுவது அடிப்படையிலேயே தவறு. குழாய்ச் சுவரின் ஒரு பகுதி என்றே அதை எழுத வேண்டும். சுவரில்லாமல் யாரும் குழாய் போடுவதில்லை. உலர்த்தும் அலகு இல்லாமல் ஓட்டியிருக்கிறார்கள், இதே சாலைக்குப் பக்கத்தில்.

முதலில் வடக்கு முனை. தாள்ளரேவு வட்டாரத்தில், நெடுஞ்சாலையை விட்டுக் கடல் பக்கமாகத் திரும்பினால் காடிமொகா. வங்காள விரிகுடாவின் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையிலுள்ள கே.ஜி.-டி6 வயல்களிலிருந்து வரும் வாயு கரையேறும் இடம் இது. 2009 ஏப்ரலில் உற்பத்தி தொடங்கியபோது கிணறுகள் இருந்த ஆழம் சுமார் 600 முதல் 1,200 மீட்டர். 2020 டிசம்பரில் திறந்த அடுத்த தொகுதி 2,000 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. அந்த ஆழத்தில் கடலடி நீரின் வெப்பம் 10 டிகிரிக்கும் குறைவு. பாறைக்குள்ளிருந்து சூடாக, நீராவி நிறைந்து வரும் வாயு அந்தக் குளிரில் நுழைந்ததும் நீர் பிரிகிறது. பிரிந்த நீரும் மீத்தேனும் உயர் அழுத்தத்தில் சேர்ந்து பனிக்கட்டி போன்ற ஒரு திடப்பொருளாக இறுகுகின்றன. இதுதான் ஹைட்ரேட். சாதாரணப் பனி உறைய பூஜ்ஜியம் டிகிரி வேண்டும். 70, 80 பார் அழுத்தத்தில் ஹைட்ரேட்டுக்கு 10 டிகிரியே போதும், ஈத்தேன், புரொப்பேன் கலந்திருந்தால் 15க்கு மேலும் கட்டிதட்டும். ஹம்ஃப்ரி டேவி 1810இல் குளோரினை வைத்து இத்தகைய பொருளைக் கண்டார். அதன்பின் நூறாண்டுக்கும் மேலாக அது ஆய்வகத்து விநோதமாகவே இருந்தது. அமெரிக்காவின் எரிவாயுக் குழாய்களை அடைப்பது பனியல்ல, ஹைட்ரேட்தான் என்று ஹாமர்ஷ்மிட் 1934இல் காட்டிய பிறகுதான் அது பொறியியல் பிரச்சினையானது. வேடிக்கை என்னவென்றால், இதே கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் கடலடி மண்ணில் தானாகவே உறைந்து கிடக்கும் ஹைட்ரேட்டைத் தேடி 2006இல் ஜாய்டெஸ் ரெசல்யூஷன் கப்பல் வந்து துளையிட்டது. தடித்த படிவமாக அது கிடைக்கவும் செய்தது. மண்ணில் இருந்தால் எதிர்காலப் புதையல், குழாயில் இருந்தால் அடைப்பு.

காடிமொகாவின் பாதுகாப்பு இரண்டு கட்டம். கடலடியில் கிணற்றின் வாயிலேயே மோனோ எத்திலீன் கிளைகாலைச் செலுத்துகிறார்கள். அது நீரோடு கலந்து ஹைட்ரேட் உறையும் வெப்பநிலையைக் கீழே தள்ளுகிறது. வாயு ஈரமாகவே கரைக்கு வருகிறது. வழியில் அடைத்துக்கொள்ளாமல் வருகிறது, அவ்வளவே. கரையில் திரவங்களைப் பிரித்தெடுத்து, கிளைகாலைச் சுத்திகரித்துக் கடலுக்கடியில் திருப்பி அனுப்புகிறார்கள். வாயுவை உண்மையில் உலர்த்துவது அடுத்த கட்டம்; அதற்கு ட்ரை எத்திலீன் கிளைகால் என்ற வேறொரு உறவுக்காரர். அதைத் தாண்டிய பிறகுதான் குஜராத்தின் பரூச் வரை சுமார் 1,400 கிலோமீட்டர் ஓடும் 48 அங்குலக் குழாய்க்குள் வாயு நுழைகிறது. கிளைகால் குடும்பத்தில் நடுவில் இருக்கும் டை எத்திலீன் கிளைகாலைத் தமிழ் வாசகர்கள் நல்ல விதமாக அறிந்ததில்லை. 2025இல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் இறந்த செய்திகளில் அடிபட்ட பெயர் அது. 1930களின் முதல் உலர்த்தும் நிலையங்கள் அதைத்தான் பயன்படுத்தின. இன்று உலகெங்கும் பெரும்பாலான இடங்களில் ட்ரை எத்திலீன் கிளைகாலுக்கே வேலை. அதன் நச்சுத்தன்மை மிகக் குறைவு என்பதைவிட, அதிக வெப்பத்தைத் தாங்கும், குறைவாகவே ஆவியாகும் என்பதுதான் காரணம்.

இந்தத் திரவத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். புதிதாக இருக்கும்போது நிறமில்லாத, லேசான பாகுபோன்ற, மணமே இல்லை என்று சொல்லத்தக்க ஒன்று. மழைக்காலத்தில் மூடாமல் வைத்த உப்பு ஜாடி காற்றிலிருந்தே நனைந்துகொள்ளுமே, அந்தக் குணம்தான் இதற்கும். கிடைக்கிற நீரையெல்லாம் இழுத்துக்கொள்ளும். ஓர் உயரமான எஃகுக் கோபுரத்துக்குள் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு தட்டிலும் கவிழ்த்த கிண்ணங்கள் போலச் சின்ன மூடிகள். ஈர வாயு கீழிருந்து ஏறுகிறது, கிளைகால் மேலிருந்து தட்டுத் தட்டாக இறங்குகிறது. மூடிகளின் விளிம்பில் வாயு குமிழியிட்டு வெளியேறும்போது கிளைகால் அதன் ஈரத்தைப் பிடித்துக்கொள்கிறது. உள்ளே வரும் கிளைகால், வாயுவைவிட ஐந்து டிகிரி போலச் சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்திருந்தால் வாயுவிலுள்ள கனமான ஹைட்ரோகார்பன்கள் திரவமாகி அதில் கலந்து நுரைத்துவிடும். நுரைத்த கிளைகால் வாயுவோடு மேலே பறந்து குழாய்க்குள் போய்விடும்; வேலை செய்ய வேண்டிய இடத்தில் இருக்காது. இத்தனை சின்ன விஷயம் ஒரு கோபுரத்தையே பயனற்றதாக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பின்னால் வரும் வாதத்துக்கு அது தேவை.

கணக்கு இப்படிப் போகிறது. சுமார் 70 பார் அழுத்தத்தில் 38 டிகிரி வெப்பத்தில் நீராவி நிறைந்த வாயுவின் ஒவ்வொரு 10 லட்சம் கன மீட்டரிலும் ஏறத்தாழ ஒரு டன் நீர் இருக்கும். அமெரிக்கக் குழாய் ஒப்பந்தங்களில் வழக்கமாக எழுதப்படும் உச்சவரம்பை நம் அளவுக்கு மாற்றினால் அதே 10 லட்சம் கன மீட்டருக்கு சுமார் 112 கிலோ. ஆக, பத்தில் ஒன்பது பங்கு நீரை எடுத்தாக வேண்டும். ஒரு கிலோ நீரை எடுக்கச் சுமார் 25 லிட்டர் கிளைகால் கோபுரத்தில் இறங்க வேண்டும் என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. நாளொன்றுக்கு 10 லட்சம் கன மீட்டர் வாயு ஓடினால் இருபதாயிரம் லிட்டருக்கு மேல் ஆகிறது. இவ்வளவையும் தினமும் வாங்கினால் எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்படியாகாது. வாங்கத் தேவையில்லை, ஏனென்றால் இருப்பதையே திரும்பத் திரும்பச் சுற்றவிடலாம். நீர் 100 டிகிரியில் கொதிக்கும், கிளைகால் 285 டிகிரி தாண்டி. இடையில் உள்ள அந்த அகலமான வெளிதான் முழுத் தொழில்நுட்பமும். நீரேறிய கிளைகாலை 200 டிகிரி அருகில் காய்ச்சினால் நீர் ஆவியாகிப் போய்விடும், கிளைகால் 98.5 சதவீதத்துக்கு மேல் சுத்தமாகத் திரும்பும். 206 டிகிரிக்கு மேல் விட்டால் அதுவே சிதையத் தொடங்கும். நன்றாக நடக்கும் நிலையத்தில் 10 லட்சம் கன மீட்டருக்குப் பத்துப் பதினைந்து லிட்டர்தான் இழப்பு. சரியாக நடக்காத நிலையத்தை ஆய்வுக்கூடக் கருவி இல்லாமலே கண்டுபிடிக்கலாம். மாதிரிக் குப்பியில் எடுத்த கிளைகால் பழுப்பாகி, பிறகு கறுத்து, எரிந்த சர்க்கரையின் வாடை அடிக்கும். அமிலம் ஏறி பி.எச். 6க்குக் கீழே இறங்கியிருக்கும். குழாயைக் காக்க வந்த திரவம் இப்போது தன் கோபுரத்தையே அரிக்கிறது.

இனித் தெற்கு முனை. ஏனாம் கழிந்து கௌதமியைத் தாண்டினால் கோனசீமா. அமலாபுரத்துக்கு அப்பால் வைநதேயத்தைக் கடந்ததும் பாசர்லபூடி. 1995 ஜனவரி 8 அன்று இங்கே ஒரு கிணறு கட்டுப்பாட்டை மீறித் தீப்பற்றி 65 நாட்கள் எரிந்தது. இந்த வட்டாரத்தில் எரிவாயுவைப் பற்றிய எல்லாப் பேச்சும் அந்தத் தீயிலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் அந்தத் தீயைவிட அதிக உயிர்களைக் கொண்டுபோன நிகழ்வு சற்றுத் தூரத்தில், நகரம் என்ற பெயருள்ள கிராமத்தில் நடந்தது. 2014 ஜூன் 27 விடிகாலை. தாட்டிபாக்காவிலிருந்து கொண்டப்பள்ளி மின்நிலையத்துக்கு வாயு கொண்டுபோகும் கெயிலின் 18 அங்குலக் குழாய் வெடித்தது. பலர் தூக்கத்திலேயே கருகினார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெட்ரோலிய அமைச்சகத்தின் விசாரணை சொன்னதன் சாரம் இதுதான்: உலர்ந்த வாயுவுக்கென்று போட்ட குழாயில் நீரும் கண்டென்சேட் என்ற திரவ ஹைட்ரோகார்பனும் கலந்த ஈர வாயு ஓடியது, நீர் நீக்கும் அலகு நிறுவப்படவே இல்லை, குழாய் உள்ளிருந்து அரித்துப் போயிருந்தது. விபத்துக்குப் பிறகு வாயு நிறுத்தப்பட்டு மின்நிலையங்களும் காக்கிநாடாவின் உர ஆலையும் முடங்கின. ஒரே டெல்டா, ஒரே மண், ஒரே நெடுஞ்சாலை. வடக்கே கடலடியிலிருந்து வரும் வாயுவுக்கு இரண்டு கட்டக் கிளைகால். தெற்கே வீடுகளுக்கு நடுவில் போகும் வாயுவுக்கு ஒன்றுமில்லை.

குழாய்க்குள் நீர் என்ன செய்கிறது என்று பார்த்தால் இது ஏன் கணக்குப்பிள்ளைத் தவறல்ல, வடிவமைப்பையே ரத்து செய்கிற தவறு என்பது விளங்கும். பெரும்பாலான இயற்கை வாயுவில் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு இருக்கும். உலர்ந்த நிலையில் அது எஃகைத் தொடாது. நீர் வந்ததும் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. சோடா பாட்டிலில் இருப்பதும் இதே அமிலம்தான், ஆனால் இங்கே அழுத்தம் பத்து மடங்குகளில் பேச வேண்டியது. நீர் எப்போதும் குழாயின் அடிவயிற்றில் ஓடும். குழாய் தாழ்ந்து எழும் இடங்களில் தேங்கும். தேங்கிய இடத்தில் மண்ணும் சேறும் படிய, அதன் அடியில் பாக்டீரியாவும் குடியேறும். வெளியே பூச்சு பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே அடிப்பக்கம் குழிகுழியாக மெலிந்துகொண்டு போகும். டெல்டாவில் இது இன்னும் மோசம். காட்டனின் காலத்திலிருந்து வெட்டிய ஒவ்வொரு வாய்க்காலையும் குழாய் அடியில் தாழ்ந்துதான் கடக்க வேண்டும். ஒவ்வொரு தாழ்வும் நீர் தங்க ஓர் இடம். சமவெளிப் பாலைவனத்தில் ஒன்றிரண்டு இருக்கக்கூடிய பள்ளங்கள் இங்கே மைலுக்கு மைல் இருக்கின்றன.

இது நம் நாட்டின் அலட்சியம் மட்டும்தானா என்று கேட்டால், இல்லை. 2000 ஆகஸ்ட் 19 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், கார்ல்ஸ்பாட் அருகே பெக்கோஸ் ஆற்றங்கரையில் கூடாரமிட்டுத் தங்கியிருந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 12 பேர் இதே மாதிரி இறந்தார்கள். 1950இல் போட்ட 30 அங்குலக் குழாய். ஆற்றைக் கடக்கும் முன்னால் ஒரு தாழ்வில் நீர் தங்கி, சுவரின் கனத்தில் 70 சதவீதத்துக்கும் மேல் அரித்திருந்தது என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டது. அந்தப் பகுதியில் குழாயின் உட்புறத்தைத் துடைக்கும் உருளை ஓடக்கூட வழியில்லை. அங்கே ஓடியதும் உலர்ந்ததாகக் கருதப்பட்ட வாயுதான். ஆகவே உலர்த்தும் அலகு வைத்துவிட்டாலே கதை முடிந்தது என்று நான் சொல்லவரவில்லை. நுரைத்த ஒரு நாள், கறுத்த கிளைகாலோடு ஓடிய ஒரு வாரம், பழுதான பம்ப் ஒன்று; இவை போதும், நீர் உள்ளே போய்விடும். போன நீர் தானாக வெளியே வராது. சுவரைப் போல உலர்த்தலும் இடைவிடாமல் இருக்க வேண்டிய ஒன்று.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் முதல் வாதம், நீரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்களே, நகரத்தில் வாயு ஏற்கெனவே கசிந்துகொண்டிருந்ததே, ஊர்க்காரர்கள் சொல்லியும் கேட்காததுதானே குற்றம் என்பது. தேநீர்க் கடை அடுப்புப் பற்றவைத்தபோது தீப்பிடித்தது என்றும் அப்போது பரவலாகச் சொன்னார்கள். கசிவைக் கண்டுகொள்ளாதது குற்றம்தான், மறுப்பில்லை. ஆனால் டெல்டாக் கிராமத்தில் விடிகாலையில் ஏதோ ஓர் அடுப்பு எரியத்தான் செய்யும். அடுப்பை விபத்துக்குக் காரணமாக்கினால் ஊரில் மனிதர்கள் வாழ்வதையே காரணமாக்க வேண்டும். கசிவுக்கும் முந்தைய கண்ணி அரிப்பு, அரிப்புக்கும் முந்தையது நீர். சங்கிலியில் எந்த இடத்தில் வெட்டினால் மீதியெல்லாம் தானாக அறுந்துபோகுமோ அங்கேதான் காரணத்தைத் தேட வேண்டும்.

இரண்டாவது வாதம் கனமானது, பொறியாளர்களே சொல்வது. உலகில் எத்தனையோ குழாய்கள் ஈர வாயுவையே கொண்டுபோகின்றன. நார்வேயின் ஸ்னோவிட் வயலிலிருந்து மெல்கோயா தீவு வரை 143 கிலோமீட்டரும், ஓர்மன் லாங்கே வயலிலிருந்து நிஹாம்னா வரை 120 கிலோமீட்டரும் நீரும் வாயுவும் கண்டென்சேட்டும் ஒன்றாகத்தான் வருகின்றன. அரிப்புத் தடுப்பு வேதிப்பொருள் செலுத்தி, அவ்வப்போது உருளை ஓட்டித் துடைத்தால் போதாதா? போதும், அப்படி வடிவமைத்திருந்தால். அந்தக் குழாய்கள் ஈரத்தை எதிர்பார்த்துப் பிறந்தவை. சுவரின் கனத்தில் அரிப்புக்கென்று ஒதுக்கீடு, தொடர்ந்து ஓடும் கிளைகால், ஒவ்வொரு நாளும் கண்காணிப்பு. கூடவே அவை கடலடியில் கிடக்கின்றன, ஒருவர் வீட்டு வாசலில் அல்ல. காடிமொகாவின் முதல் கட்டமும் இதே வகைதான் என்பதை மேலே பார்த்தோம். உலர்ந்த வாயுவுக்கு என்று எழுதிக் கையெழுத்திட்ட குழாயில் ஈரத்தை அனுப்புவது வேறு. அங்கே அரிப்புக்கு ஒதுக்கீடும் இருக்காது, தடுப்பு மருந்தும் இருக்காது, யாரும் எதிர்பார்க்கவும் மாட்டார்கள். ஈரக் குழாய் ஓட்ட முடியும் என்ற உண்மை, உலர்குழாயில் ஈரத்தை ஓட்டலாம் என்பதற்குச் சாட்சியாகாது. தடுப்பு மருந்து நல்ல துணை. சுவருக்கு மாற்று அல்ல.

மூன்றாவது வாதம் இந்த ஊருக்கே உரியது, எனக்கு ஓரளவு பிடித்ததும்கூட. 112 கிலோ என்ற அமெரிக்க வரம்பு, பூஜ்ஜியம் டிகிரி அருகில்தான் நீர் படியும் அளவுக்கு வாயுவை உலர்த்துகிறது. அது குளிர்நாட்டுக் கணக்கு. கோனசீமாவில் ஒரு மீட்டர் ஆழத்து மண் எந்த மாதத்திலும் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. அங்கே உறைபனிக்கு அஞ்சி வெட்டிய சட்டையை இங்கே ஏன் போட வேண்டும்? பாதி சரி. இங்கே பத்து டிகிரி வரம்பு வைத்தாலும் தரைக்குள் நீர் படியாது. ஆனால் வாயு வால்வுகளிலும் அழுத்தம் குறைக்கும் நிலையங்களிலும் விரியும்போது தானே குளிர்கிறது, ஒரு பார் இறங்கினால் சுமார் அரை டிகிரி. 70 பாரிலிருந்து 30க்கு இறங்கும் இடத்தில் இருபது டிகிரி போலப் போய்விடும். மேலும், கோபுரம் கொஞ்சம் சோம்பும் நாட்களுக்கான இருப்பும் வேண்டும். ஆகவே வரம்பு எவ்வளவு என்பதில் பேரம் பேசலாம். உலர்த்த வேண்டுமா என்பதில் பேரத்துக்கு இடமில்லை.

உண்மையில் முடிவெடுக்கும் மேசையில் பேசப்படுவது பணம். தரைக் கிணறுகள் சிறியவை, வற்றிக்கொண்டிருப்பவை, இன்னும் சில ஆண்டுகளுக்கு ஓர் அலகைக் கட்டுவதா என்பதுதான் அந்தக் கேள்வி. இங்கே இயற்கை ஒரு கொடுமையான கணக்குப் போட்டிருக்கிறது. வயல் வயதாகும்போது அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறையக் குறைய அதே அளவு வாயு அதிக நீராவியைத் தாங்கும். 70 பாரில் இருந்ததைவிட 20 பாரில் ஏறத்தாழ மூன்று மடங்கு. போதாததற்கு வயதான கிணறு வாயுவைக் குறைத்து நீரை அதிகமாகவே கக்கும். வருமானம் இறங்கும் அதே காலத்தில் உலர்த்தும் தேவை ஏறுகிறது. லாபக் கணக்கில் வைத்தால் அலகு எப்போதும் தோற்கும். சுவர்க் கணக்கில் வைத்தால்தான் கேள்வி சரியாக வரும்: இந்தச் சுவருக்குக் காசில்லை என்றால் இந்தக் குழாயை ஓட்டக் காசு எங்கிருந்து வந்தது? இதோடு சேர்ந்ததுதான் யார் வைப்பது என்ற இழுபறி. வாயுவை எடுப்பவர் ஒருவர், கொண்டுபோகிறவர் இன்னொருவர். உலர்த்தும் அலகு இருவரின் வேலியிலும் நிற்கிறது. எடுப்பவருக்கு அது விற்பனைக்குப் பிறகான வேலை, கொண்டுபோகிறவருக்கு அது வாங்குவதற்கு முந்தைய வேலை. கைமாறும் இடத்தில் ஈர வாயு வந்தால் வால்வைத் திறக்கக்கூடாது என்ற ஒற்றை விதி இருந்தால் இழுபறி ஒரு வாரத்தில் தீரும். வால்வு திறந்தே இருந்தால் கடிதப் போக்குவரத்து வருடக்கணக்கில் ஓடும்.

கிளைகாலுக்கும் தன் பாவம் உண்டு. நீரோடு சேர்த்துப் பென்சீன், டொலுவீன் போன்றவற்றையும் அது இழுத்துக்கொள்கிறது. காய்ச்சும்போது நீராவியோடு அவையும் புகைபோக்கி வழியே வெளியேறும். பென்சீன் புற்றுநோய் தரும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1999இல் இந்த நிலையங்களுக்கென்றே விதி கொண்டுவந்தது அதனால்தான். வாயுவின் அழுத்தத்தாலேயே ஓடும் பழைய பம்புகள் மீத்தேனையும் விட்டுத்தள்ளும். தீர்வு சிக்கலில்லை: ஆவியைக் குளிர்வித்துப் பிடிக்கலாம், எரித்துவிடலாம், பம்பை மின்சாரத்துக்கு மாற்றலாம். இதையும் சுவரின் செலவில் சேர்த்தே எழுத வேண்டும். கிளைகால் வேண்டாம் என்பவர்களுக்கு மூலக்கூறு சல்லடை இருக்கிறது, ஆனால் அது வாயுவைத் திரவமாக்கும் நிலையங்களுக்கு ஏற்ற கடும் உலர்த்தல். விலையும் ஆற்றலும் அதிகம்.

இவ்வளவும் ஆந்திரத்து விவகாரம் என்று தமிழ்நாட்டில் ஒதுக்கிவிட முடியாது. குத்தாலம், திருமாகோட்டை, வழுதூர் மின்நிலையங்கள் இயங்குவது உள்ளூர்க் கிணறுகளின் வாயுவில்தான். 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் வயலுக்குள் குழாயிலிருந்து கசிந்தது கச்சா எண்ணெய், எரிவாயு அல்ல. ஆனால் அந்தக் கசிவு எழுப்பும் கேள்வி, குழாயின் உள்ளே என்ன நடக்கிறது என்று ஊர்க்காரர்களுக்கு யார் சொல்வது என்பதுதான். 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய கிணறுகளைத் தடுக்கிறது, பழையவற்றைத் தொடவில்லை. எரிவாயுவே வேண்டாம் என்பவர்களின் வாதத்தை ஒப்புக்கொண்டாலும் மிஞ்சுவது இதுதான்: இனிமேல் காவிரிப் படுகையில் ஓடப்போவதெல்லாம் வயதேறிய கிணறுகளும் வயதேறிய குழாய்களுமே. அதாவது ஆண்டுக்கு ஆண்டு ஈரம் ஏறப்போகிற வாயு.

அந்த ஈரத்தை அளப்பது கடினமான வேலையல்ல. 1930களில் அமெரிக்கச் சுரங்கத் துறை உருவாக்கிய கருவியே இன்னும் போதும்: சிறு கண்ணாடி ஒன்று, அதன்மேல் வாயுவை ஓடவிட்டு, பின்பக்கத்தைக் குளிர்வித்துக்கொண்டே போவார்கள். கண்ணாடியில் முதல் மங்கல் படியும்போது வெப்பமானி காட்டுவதுதான் நீர் படியும் வெப்பநிலை. இப்போது மின்னணுக் கருவிகள் அதை நொடிக்கு நொடி பதிவு செய்கின்றன. விற்பனை ஒப்பந்தத்திலேயே இருக்கும் எண் அது. வணிக ரகசியம் என்று மறைக்க அதில் எதுவும் இல்லை. மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை நாள் தவறாமல் அச்சிடும் பத்திரிகைகள் உள்ள மாநிலத்தில், ஒவ்வொரு எரிவாயுக் குழாயின் தலைவாசலிலும் நேற்று எத்தனை டிகிரியில் மங்கல் படிந்தது என்பதையும் மாவட்ட நிர்வாகம் வெளியிடலாம். குழாய் எந்த ஊர்களின் வழியாகப் போகிறதோ அந்த ஊராட்சிகளின் பலகையில் அதே எண்ணை எழுதலாம். எண் வரம்பைத் தாண்டிய நாளில் வால்வை மூட யாருக்கு அதிகாரம் என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும்.